கேட்கும் கலை: ஃபேடர் மேல் விரலா, திரை மேல் கோடா?

உங்களுக்குப் பிடித்த மெலடி ஒன்றை ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். பல்லவியின் முதல் வரியைப் பாடுகிறவர் காதோடு ரகசியம் சொல்வதுபோல் ஆரம்பிப்பார். சரணத்தின் உச்சியில் தொண்டையைத் திறந்து பாடுவார். அதே பாடகர் நம் எதிரே உட்கார்ந்து பாடினால், முதல் வரிக்கு நாம் முன்னால் குனிய வேண்டியிருக்கும். சரணத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய வேண்டியிருக்கும். பாட்டாகக் கேட்கும்போதோ இரண்டும் ஒரே தூரத்திலிருந்து வருகின்றன. தபேலா புகுந்தாலும், முப்பது வயலின் புகுந்தாலும் ஒரு சொல்கூட முங்கிப்போவதில்லை.

இது தானாக நடப்பதில்லை. மிக்ஸிங் செய்தவர் அந்தக் குரலின் அளவை வரிக்கு வரி, சில இடங்களில் எழுத்துக்கு எழுத்து, ஏற்றி இறக்கியிருக்கிறார். சவுண்டு இன்ஜினீயர்கள் இதை ‘ரைடிங்’ என்பார்கள். குதிரைச் சவாரி மாதிரிதான். கடிவாளத்தை எப்போது இழுத்தார், எப்போது விட்டார் என்பது பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது.

இங்கே கடிவாளத்தின் பெயர் ஃபேடர். மிக்ஸிங் கன்சோலில் வரிசையாக மேலும் கீழும் நகர்கிற அந்தத் தள்ளுவிசைகள்தான். கல்யாண மண்டபத்து மைக் செட்காரர் முன்னால்கூடச் சின்னதாக ஒரு வரிசை இருக்கும். அந்த ஃபேடரின் ஏற்ற இறக்கத்தை இயந்திரமே நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை தானே செய்து காட்டுவதற்கு ‘ஆட்டோமேஷன்’ என்று பெயர்.

வீட்டில் ஒரு அறையை ஸ்டுடியோவாக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ‘பெரிய கன்சோலில் கையால் ஃபேடரை ஏற்றி இறக்கினால்தான் மிக்ஸ் நன்றாக வருமா? கம்ப்யூட்டரில் மவுஸால் கோடு போட்டால் வராதா?’ கேட்கிற பையனின் பட்ஜெட், சில சமயம் அவன் அப்பாவின் சேமிப்பு, இந்தப் பதிலை நம்பி நிற்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்த்துவிடுவோம்.

நாலு பேர், எட்டுக் கை

ஆட்டோமேஷன் வருவதற்கு முன்னால் மிக்ஸிங் என்பதே ஒரு கச்சேரி. 16 டிராக், 24 டிராக் டேப் ஓடும். பாட்டு நாலு நிமிஷம் என்றால் அந்த நாலு நிமிஷத்துக்குள் எல்லா ஃபேடரும் சரியான இடத்தில் ஏற வேண்டும், சரியான இடத்தில் இறங்க வேண்டும். ஒருவருக்கு இருப்பது இரண்டு கை. அதனால் இன்ஜினீயர், உதவியாளர், தயாரிப்பாளர், வாசித்த கலைஞர்கள் என்று எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றுகொள்வார்கள். ‘கிடார் உன் பொறுப்பு, டிரம்ஸ் என் பொறுப்பு’ என்று பிரித்துக்கொள்வார்கள். ஃபேடர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள்: இங்கிருந்து இதுவரை. கடைசி அரை நிமிஷத்தில் ஒருவர் கை தவறினால், டேப்பை ஓட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டைப் பகுதி பகுதியாக மிக்ஸ் செய்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும்.

இந்தக் காலத்தின் அழகான சாட்சி, 1975-ல் இங்கிலாந்தின் ‘10சிசி’ குழு வெளியிட்ட ‘ஐ’ம் நாட் இன் லவ்’ பாடல். பின்னணியில் மேகம்போல் மிதக்கும் அந்தக் குரல்கள் கீபோர்டு அல்ல. குழுவினர் ஒவ்வொரு சுரத்தையும் ‘ஆ’ என்று திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, டேப்பை வளையமாக ஒட்டி ஓயாமல் சுழல விட்டார்கள். ஒரு சுரத்துக்கு ஒரு டிராக். பிறகு நால்வரும் கன்சோல் முன்னால் உட்கார்ந்து, ஃபேடர்களை ஏற்றி இறக்கியே கார்டு மாற்றினார்கள். எந்தச் சுரமும் முழுதாக மறைந்துவிடக் கூடாது என்று, ஃபேடர்கள் அடிவரை இறங்காதபடி டேப் ஒட்டித் தடுத்தும் வைத்தார்கள். அந்தப் பாட்டில் கன்சோலே ஒரு வாத்தியம்.

நம் ஊர்க் கதையும் வேறில்லை. மல்டி டிராக் வருவதற்கு முன்னால் சென்னை ஸ்டுடியோக்களில் பாடகர், வாத்தியக்குழு, கோரஸ் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வாசித்தார்கள். பாட்டு பதிவாகிற அந்த நிமிஷமே மிக்ஸும் முடிந்தாக வேண்டும். புல்லாங்குழல் பிட் எப்போது வரும், பாடகர் எந்த வரியில் குரலை உயர்த்துவார் என்பதெல்லாம் ஒத்திகையிலேயே ஒலிப்பதிவாளருக்கு அத்துப்படி ஆகியிருக்க வேண்டும். பாடகருக்கு இணையாக அவரும் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை. இந்த ‘மனப்பாடம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஞாபகசக்தி வந்த மேசை

டிராக்குகள் பெருகப் பெருகக் கைகள் போதவில்லை. 1970-களில் கம்ப்யூட்டர் கன்சோலுக்குள் நுழைந்தது.

முதலில் பரவியது ‘விசிஏ’ முறை. இதில் ஃபேடர் வழியாகப் பாட்டே போகாது. ஃபேடர் ஒரு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்பும். உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அதற்குக் கட்டுப்பட்டு ஒலியைக் கூட்டும், குறைக்கும். கட்டளை வெறும் மின்னழுத்தம் என்பதால் அதைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை தானே கொடுத்துவிடலாம். ஆரம்பத்தில் இந்தக் குறிப்புகளை எழுதி வைத்த இடம் எது தெரியுமா? பாட்டு இருக்கும் அதே டேப். 24 டிராக்கில் இரண்டை இதற்கென்று ஒதுக்குவார்கள். ஒன்றிலிருந்து படித்து, திருத்தி, மற்றொன்றில் எழுதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு துளி தாமதம் சேரும். பத்துத் தடவை திருத்தினால் ஏற்ற இறக்கம் பாட்டுக்குப் பின்னால் தள்ளாடி வரும்.

இன்னொரு வினோதமும் உண்டு. கம்ப்யூட்டர் ஒலியை ஏற்றும். ஃபேடரோ அசையாமல் கிடக்கும். நடுவில் புகுந்து திருத்த வேண்டுமென்றால், இப்போது ஒலி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு ஃபேடரைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டுத்தான் பொறுப்பை வாங்க வேண்டும். மேலே தள்ளு, கீழே இழு என்று சொல்ல விளக்குகள் வைத்திருந்தார்கள். பொருந்தாமல் வாங்கினால் ஒலி குதிக்கும்.

இதற்கு விடை, தானே நகரும் ஃபேடர். இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் 1977-ல் ‘நெகாம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஃபேடருக்கு அடியிலும் ஒரு மோட்டார். நீங்கள் ஏற்றி இறக்கியதை நினைவில் வைத்து, அடுத்த முறை பேய் பிடித்ததுபோல் ஃபேடர்கள் தாமே நகரும். பிடிக்கவில்லையா? நகர்ந்துகொண்டிருக்கிற ஃபேடரில் விரலை வைத்து உங்கள் இஷ்டத்துக்குத் தள்ளலாம். திருத்தம் பதிவாகிவிடும். ‘பீட்டில்ஸ்’ தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் லண்டன் ஏர் ஸ்டுடியோ இதை ஆரம்பத்திலேயே வாங்கிய இடங்களில் ஒன்று.

அடுத்து, சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனத்தின் 4000 வரிசைக் கன்சோல்கள் 1980-களின் பாப் உலகத்தையே ஆண்டன. ஏற்ற இறக்கங்களை டைம்கோடு வைத்து ஃப்ளாப்பி டிஸ்க்கில் சேமித்தன. ‘டோட்டல் ரீகால்’ என்று இன்னொரு வசதியும் வந்தது. பெயரைக் கேட்டால் பட்டனை அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று தோன்றும். அதுதான் இல்லை. ஒவ்வொரு திருகும் போன வாரம் எங்கே இருந்தது என்று திரையில் படம் காட்டும். உதவியாளர் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கையால் திருப்பிப் பொருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான திருகுகள். ‘அந்தக் குரலை மட்டும் கொஞ்சம் கூட்டுங்களேன்’ என்று ஒருவர் ஒரு வாரம் கழித்து வந்து சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கு அரை நாள் போகும்.

திரைக்குள் போன ஃபேடர்

1991-ல் புரோ டூல்ஸ் வந்தபோது அதில் நாலே டிராக். அடுத்த பத்து, பதினைந்து வருஷங்களில் கன்சோல் முழுக்கத் திரைக்குள் போய்விட்டது. இப்போது எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை எடுத்தாலும் ஒவ்வொரு டிராக்கின் மேலும் ஒரு கோடு ஓடும். அதுதான் ஒலி அளவு. கோட்டில் புள்ளி வைத்து மேலே இழுத்தால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும்.

பழைய கன்சோலின் பழக்கவழக்கங்களும் பெயரோடு கூடவே வந்துவிட்டன. ‘ரீட்’ என்றால் எழுதியிருப்பதை மட்டும் படிக்கும். ‘ரைட்’ என்றால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். ‘டச்’ என்றால் விரல் படும் வரை உங்கள் பேச்சு; விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ‘லாட்ச்’ என்றால் விரலை எடுத்த பின்னும் விட்ட இடத்திலேயே நிற்கும். ‘ட்ரிம்’ என்றால் ஏற்கெனவே செய்த ஏற்ற இறக்கங்களின் வடிவம் மாறாமல் மொத்தத்தையும் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் பலர் இந்த ஐந்தில் முதலாவதைத் தாண்டுவதே இல்லை. நேராக மவுஸை எடுத்துப் புள்ளி வைக்கப் போய்விடுகிறார்கள்.

வந்தது யார்?

மவுஸா, விரலா என்று தீர்ப்புச் சொல்லும் முன், இந்த ஏற்ற இறக்கம் எதற்காக என்று தமிழிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம்.

வந்தான், வந்தாள், வந்தார். மூன்றும் வேறு வேறு ஆட்கள். வந்தது யார் என்பதைச் சொல்வது எது? கடைசியில் நிற்கும் ன், ள், ர். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ‘காற்று’, ‘நேற்று’, ‘பாட்டு’ என்று முடியும் சொற்களில் வரும் குற்றியலுகரத்துக்கும் அதே அரை மாத்திரைதான். அதாவது தமிழ்ச் சொல்லின் அர்த்தம் பல நேரங்களில் அதன் மிகச் சிறிய, மிக மெலிந்த ஒலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாடுகிறவர் அந்த இடத்துக்கு வரும்போது மூச்சு முடிந்துகொண்டிருக்கும். அதே நேரம் தாளக்காரர் அடுத்த வரிக்கு ஒரு உருட்டு உருட்டுவார். ‘ன்’ காணாமல் போகும். காதலன் வந்தானா, அப்பா வந்தாரா என்று கேட்பவர் குழம்புவார்.

சென்ற வாரம் பார்த்த கம்ப்ரெஸர் இதற்கு முழுதாக உதவாது. அதற்குத் தெரிந்தது சத்தத்தின் அளவு மட்டும், அர்த்தம் தெரியாது. பாடகர் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்ன ‘போ’ எது, மூச்சு போதாமல் மங்கிய ‘போ’ எது என்று அது பிரித்துப் பார்க்காது. அந்த அரை மாத்திரையை மட்டும் 2 டெசிபல் தூக்க வேண்டும் என்று முடிவெடுக்கப் பாட்டின் பொருள் புரிந்த ஓர் ஆள் வேண்டும். 1 டெசிபல் மாற்றம் சாதாரணக் காதுக்குத் தெரிவதே கஷ்டம். ஆனால் சரியான இடத்தில் 1 அல்லது 2 டெசிபல் கொடுத்தால் சொல் பளிச்சென்று விளங்கும். சத்தம் கூடியதாக யாருக்கும் தோன்றாது. பாடகர் நன்றாக உச்சரித்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

ஒலியில் வித்தியாசம் உண்டா?

நேர் கேள்வி, நேர் பதில். பழைய விசிஏ கன்சோல்களில் உண்டு. அந்த ஆம்ப்ளிஃபயர் ஒலியில் லேசாகத் தன் சாயத்தை ஏற்றும். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அதனாலேயே மோட்டார் ஃபேடருக்கு மாறினார்கள். வேறு சிலருக்கு அந்தச் சாயமே ராக் இசையின் ருசி. சாஃப்ட்வேரிலோ ஒலி அளவை மாற்றுவது என்பது எண்ணை எண்ணால் பெருக்கும் கணக்கு. அதில் சாயம் இல்லை.

இன்றைக்கு ஸ்டுடியோக்களில் பார்க்கிற நீளமான ஃபேடர் மேசைகள் பலவற்றில் ஒலியே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை சாஃப்ட்வேரின் ரிமோட். ஃபேடரைத் தள்ளினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே கோடு நகரும். அதாவது மவுஸால் போட்டாலும் விரலால் தள்ளினாலும் கடைசியில் எழுதப்படுவது ஒரே கோடு. கோடுகள் இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால், வெளியே வரும் ஒலியும் அச்சாக ஒன்றுதான். ‘கையால் செய்த மிக்ஸில் ஒரு உயிர் இருக்கு சார்’ என்று யாராவது சொன்னால், அந்த உயிர் ஃபேடரின் பிளாஸ்டிக்கில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிறகு எங்கே இருக்கிறது? இரண்டு கோடுகளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதில் இருக்கிறது.

விரல் கற்றுக்கொள்ளும் பாடம்

ஓர் ஒலியைக் கேட்டு, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். ‘வந்தான்’ என்பதன் ‘ன்’ அதற்குள் வந்து போயே விடும். அப்படியானால் அதைக் கையால் தூக்குவது எப்படி? அது வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை ஃபேடரைப் பிடிக்கும்போது எல்லா இடத்திலும் தாமதமாகத்தான் போவோம். மூன்றாவது, நான்காவது தடவைதான் விரல் பாட்டுக்கு முன்னால் ஓடும். பாடகர் எங்கே மூச்செடுக்கிறார், எங்கே இழுக்கிறார், எங்கே தளர்கிறார் என்று கைக்கே தெரிந்துவிடும். முன்னே ஓரமாக வைக்கச் சொன்னேனே, ‘மனப்பாடம்’, அது இதுதான்.

நாலு நிமிஷப் பாட்டில் குரலை ஒரு தடவை கையால் ஓட்ட நாலு நிமிஷம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. பத்துத் தடவை ஓட்டினால் முழுப் பாட்டையும் பத்துத் தடவை, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, கேட்டிருப்பீர்கள். மவுஸில் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு நொடியை மட்டும் சுற்ற விட்டு, புள்ளி வைத்து, அடுத்த இரண்டு நொடிக்குப் போகலாம். எல்லாச் சொல்லும் சரியாகிவிடும். முழுப் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டோம். ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பார்த்தால் குறை இருக்காது. சேர்த்துக் கேட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நியூஸ் வாசிப்பதுபோல் சரணம் கடந்து போகும்.

கண்ணும் இதில் ஒரு காரணம். திரையில் அலைவடிவம் தெரிகிறது. குள்ளமாக இருக்கிற சொல்லைப் பார்த்தால் உயர்த்தத் தோன்றும். பாடகர் அதைக் குள்ளமாக்கியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். ‘போய் வா’ என்பதை அம்மா சொல்வதுபோல் தழுதழுத்துச் சொல்லியிருப்பார். கண் அதை ஒரு பள்ளமாகப் பார்த்து நிரப்பிவிடும். காது மட்டும் வேலை செய்திருந்தால் விட்டிருக்கும்.

இதற்கு இன்னொரு சாட்சி சினிமாவின் ஃபைனல் மிக்ஸிங் தியேட்டர். அங்கே எல்லாமே சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஃபேடர் மேசையைத் தூக்கி எறியவில்லை. காரணம் லேசானது: கண் பெரிய திரையில், கதாநாயகியின் முகத்தில் இருக்க வேண்டும். கை தானாக வசனத்தை ஏற்றி, பின்னணி இசையை இறக்க வேண்டும். வசனத்துக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், எஃபெக்ட்ஸுக்கு ஒருவர் என்று ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடிகிறது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் விரலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

மார்கழிக் கச்சேரிக்குப் போனால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மைக்காரரைக் கவனியுங்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது மிருதங்கத்தையும் கடத்தையும் லேசாக ஏற்றி, பாட்டு திரும்பும்போது சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு இறக்குகிறவராக இருந்தால், அவருக்குக் கச்சேரி தெரியும். தனி முடியப்போகிறது என்பதைத் தீர்மானம் ஆரம்பிக்கும்போதே அவர் விரல் அறிந்திருக்கும்.

மவுஸ் ஜெயிக்கும் இடங்கள்

இவ்வளவும் சொன்னதால் மவுஸ் மட்டம் என்று அர்த்தமில்லை. விரலால் ஆகவே ஆகாத காரியங்கள் நிறைய.

ஒரு சொல்லின் நடுவில் ‘ப்’ என்று மைக்கில் மோதும் காற்று, ‘ஸ்’ஸின் கூச்சல், வாயின் சின்னச் சொடுக்குச் சத்தம் ஆகியவற்றை விரல் பிடிக்க முடியாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் குறைப்பதே முறை. கடைசிச் சொல்லுக்கு மட்டும் எக்கோ கொடுப்பது, ஒரு வரிக்கு மட்டும் ரிவெர்பைக் கூட்டுவது, குரலை இடது காதிலிருந்து வலது காதுக்கு நகர்த்துவது எல்லாம் கோடு போட்டால் நொடியில் முடியும். ப்ளக்-இன்னில் இருக்கும் ஒவ்வொரு திருகுக்கும் கோடு உண்டு. பழைய கன்சோல்கள் பலவற்றில் ஆட்டோமேஷன் ஃபேடருக்கும் மியூட் பட்டனுக்கும் மட்டும்தான்.

ராத்திரி பதினொரு மணிக்கு இயக்குநர் போன் செய்து, ‘இரண்டாவது சரணத்தை எடுத்துட்டோம்’ என்கிறார். சாஃப்ட்வேரில் அந்தப் பகுதியை வெட்டினால் ஏற்ற இறக்கக் கோடும் கூடவே வெட்டுப்பட்டு, மீதி சரியாக நகர்ந்து பொருந்திக்கொள்ளும். போன மாதம் மூடிய பாட்டை இரண்டு கிளிக்கில் அப்படியே திறக்கலாம். அரை நாள் திருகு திருப்பிய உதவியாளரைக் கேட்டால் இதன் அருமை சொல்வார்.

செலவையும் மறக்கக் கூடாது. பெரிய அனலாக் கன்சோலின் விலை ஒருபுறம் இருக்கட்டும். அது குடிக்கும் கரன்ட், அதைக் குளிர வைக்கும் ஏசி, ஃபேடரில் சேரும் தூசியைத் துடைக்கவும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் என்று மாதாமாதம் செலவு. ஒரு லேப்டாப்பும் நல்ல ஹெட்போனும் வைத்திருக்கும் பெண், தன் கிராமத்திலிருந்தே பாட்டை மிக்ஸ் செய்து உலகத்துக்கு அனுப்ப முடிகிறது என்றால் அதைக் கொடுத்தது அந்தக் கோடுதான்.

வீட்டு ஸ்டுடியோவுக்கு ஒரு வழி

ஆகவே அப்பாவின் சேமிப்பை உடைக்க வேண்டாம். வேலையின் வரிசையை மாற்றினால் போதும்.

முதலில், ஆட்டோமேஷன் எதுவும் இல்லாமல் எல்லா ஃபேடரையும் ஓர் இடத்தில் நிறுத்திப் பாட்டைக் கேளுங்கள். இந்த அசையா நிலையிலேயே பாட்டு முக்கால்வாசி நன்றாக இருக்க வேண்டும். அடித்தளம் கோணலாக இருந்தால் ஏற்ற இறக்கம் அதை மறைக்காது.

இரண்டாவது, மிகப் பெரிய வித்தியாசங்களை மட்டும் ‘கிளிப் கெய்ன்’ வைத்துச் சமன் செய்யுங்கள். இது கம்ப்ரெஸருக்கு முன்னால் வேலை செய்யும். ஃபேடர் வழக்கமாகக் கம்ப்ரெஸருக்குப் பின்னால். பாடகர் மைக்கை விட்டுத் தள்ளிப்போன ஒரு முழு வரியைத் தூக்க கிளிப் கெய்ன். உணர்ச்சிக்காக ஏற்றி இறக்க ஃபேடர். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால், நீங்கள் ஏற்ற ஏற்ற கம்ப்ரெஸர் இறக்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒற்றை மோட்டார் ஃபேடர் கொண்ட சின்னக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால், பல சாஃப்ட்வேர்களுக்கு டேப்லெட்டையோ செல்போனையோ ஃபேடராக மாற்றும் ஆப் உண்டு. ‘டச்’ முறையில் வையுங்கள். மானிட்டரை அணையுங்கள், அல்லது திரும்பி உட்காருங்கள். குரலை மட்டும் முழுப் பாட்டுக்கும் ஒரே ஓட்டமாக விரலால் ஓட்டுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து. நடுவில் நிறுத்தாதீர்கள். 100 மில்லிமீட்டர் நீள ஃபேடரில், வேலை நடக்கும் மேல் பகுதியில் 1 டெசிபல் என்பது இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதனால் தள்ள வேண்டாம், சாய்த்தால் போதும். அடுத்த ஓட்டத்தில் குரலுக்குப் பதில் சொல்லும் வாத்தியம். அதற்கடுத்து, பல்லவி திரும்பும் இடங்களில் மொத்தப் பாட்டையும் அரை டெசிபலோ ஒரு டெசிபலோ உயர்த்தும் ஓட்டம்.

இதெல்லாம் முடிந்த பிறகு மானிட்டரைப் போட்டு மவுஸை எடுங்கள். தவறிய ‘ன்’, மோதிய ‘ப்’, எக்கோ கேட்கும் கடைசிச் சொல் என்று சில்லறை வேலைகளை அது கச்சிதமாக முடிக்கும். விரல் எழுதிய கோட்டில் புள்ளிகள் எறும்பு வரிசைபோல் மொய்த்திருக்கும், பயப்பட வேண்டாம். அவற்றைக் குறைத்துக் கொடுக்கும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது.

கடைசியாக, மறுநாள் காலையில் செல்போன் ஸ்பீக்கரில், சத்தம் குறைத்துக் கேளுங்கள். சமையலறையில் மிக்ஸி ஓடும்போதும் வந்தது ‘அவனா’, ‘அவளா’ என்று புரிந்தால் பாட்டை மூடிவிடலாம். மூடுவதும் ஒரு வேலைதான். கன்சோல் காலத்தில் அடுத்தவர் ஸ்டுடியோவுக்குக் காத்திருப்பார். மூடியே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஃபைனல் 7’ என்று ஃபைல்கள் பெருகி, வெளியே வராமலே போன பாட்டுகள் எத்தனையோ வீட்டு ஹார்டு டிஸ்க்குகளில் தூங்குகின்றன. பாடியவர் அதற்காகவா பாடினார்? தேதி ஒன்று குறித்துக்கொண்டு மூடுங்கள்.

அடுத்த வாரம்: பாட்டுக்கு ‘மாஸ்டரிங்’ என்று தனியாகப் பணம் கேட்கிறார்களே, அது எதற்கு?